தாயின் சோற்றில் தொடங்க வேண்டிய வைத்தியம்

பிறந்து இரண்டு மூன்று மாதம் ஆன குழந்தை. தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் குடிப்பதில்லை. எடையும் குறையவில்லை, பார்ப்பவர்கள் கொழுகொழுவென்று இருப்பதாகவே சொல்வார்கள். திடீரென்று ஒருநாள் பால் குடிக்க மறுக்கிறது, கக்குகிறது, மூச்சு வாங்குகிறது. அழுவதற்கு வாய் திறக்கிறது, முகம் கோணுகிறது, ஆனால் குரல் எழும்புவதில்லை. சில மணி நேரத்தில் இதயம் தளர்ந்து உயிர் போய்விடுகிறது. வீட்டில் காற்று, கருப்பு என்று பேசிக்கொள்வார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனாலும் நிமோனியா என்றோ பிறவி இதயக் கோளாறு என்றோ எழுதிவிட வாய்ப்பு உண்டு. உண்மையில் இது சிசுக்களைத் தாக்கும் பெரிபெரி. பி1 வைட்டமின், அதாவது தயமின் என்னும் சத்து இல்லாமல் போவதால் வருவது. மியான்மர் சுகாதாரத் துறை 2003இல் செய்த இறப்பு ஆய்வில், ஒரு மாதத்துக்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகளில் ஏறத்தாழ 7 சதவீதத்தின் உயிரை இந்த நோய் கொண்டுபோயிருந்தது. அந்த வயதுக் குழந்தைகளின் சாவுக்கு அது ஐந்தாவது பெரிய காரணம். ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல் விரிந்து கிடக்கும் நாட்டில், சோற்றுக்குப் பஞ்சமில்லாத வீட்டில், சோற்றில் இருந்திருக்க வேண்டிய சத்து இல்லாமல் குழந்தை சாகிறது. நுண்ணூட்டச்சத்துக் குறை என்றதும் சொட்டு மருந்து, சத்துமாவு, இரும்புச்சத்துப் பொடி என்று குழந்தையின் வாயில் எதைப் போடலாம் என்றே நாம் யோசிக்கிறோம். யாங்கூனைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் புறநகர்க் குடிசைகளிலும் அந்த யோசனை காலம் கடந்துதான் பலன் தரும். அங்கே வைத்தியம் தாயின் தட்டில் தொடங்க வேண்டும், அதற்கும் முன்னால் அரிசி ஆலையில் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தயமினை உடம்பு நெடுநாள் சேமித்து வைப்பதில்லை. வளர்ந்த ஒருவரின் மொத்தக் கையிருப்பே சுமார் 30 மில்லிகிராம்தான். வரத்து நின்றுவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் அது தீர்ந்துவிடும். மாவுச்சத்தை எரித்துச் சக்தியாக்க இந்த வைட்டமின் தேவை என்பதால், சோறு அதிகமாகச் சாப்பிடச் சாப்பிடத் தேவையும் கூடுகிறது. நெல்லில் இது இருப்பது தவிட்டிலும் முளையிலும். பச்சை நெல்லை இயந்திரத்தில் வெள்ளை வெளேரென்று தீட்டும்போது ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தவிட்டோடு போய்விடும். மிஞ்சியதில் கணிசமான பகுதி அரிசியை மூன்று நான்கு முறை களையும்போது கழுநீரில் கரைகிறது. நிறையத் தண்ணீர் விட்டுப் பொங்கி வடிக்கும் வழக்கம் மியான்மர் கிராமங்களிலும் உண்டு. வடிகஞ்சி பன்றிக்கோ மாட்டுக்கோ போகும் வீடுகளில் கடைசித் துளியும் கைநழுவிவிடுகிறது. அப்புறம் வெற்றிலை பாக்கு, தேயிலை. இவற்றில் தயமினைச் செயலிழக்க வைக்கும் பொருள்கள் உண்டு. சமைக்காத மீன் ஊறலில் தயமினைச் சிதைக்கும் நொதி உண்டு. மியான்மர் சாப்பாட்டில் ஙாப்பி என்னும் மீன் ஊறலும், லப்பே என்னும் ஊறவைத்த தேயிலையும் அன்றாடம் இடம்பெறுபவை. இதற்கெல்லாம் மேலே பிரசவ பத்தியம். காய், பழம், பருப்பு எல்லாம் பச்சை உடம்புக்கு ஆகாது என்று விலக்கி, சோறும் உப்பும் கொஞ்சம் கருவாடுமாக வாரக்கணக்கில் ஓட்டும் வழக்கம் கரேன் மக்களிடமும் கழிமுகக் கிராமங்களிலும் உண்டு. நம்மூர்ப் பத்தியத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாய்க்குக் கால் மதமதப்பதோடு நின்றுவிடலாம். பிள்ளை பெற்ற அசதி என்று அவளும் விட்டுவிடுவாள். பாலில் தயமின் குறைந்ததன் முழு விலையையும் கொடுப்பது குழந்தைதான். 2003இல் இஸ்ரேலில் விற்ற ஒரு சோயா பால்மாவில் தவறுதலாகத் தயமின் சேராமல் போனபோது, வசதியான வீட்டுக் குழந்தைகளும் இதே நோயில் விழுந்தன, சில இறந்தன. எந்த இனத்துக் குழந்தையாக இருந்தாலும் இந்தச் சத்து நின்றால் சில வாரங்களுக்கு மேல் தாங்காது.

இதைக் கண்டுபிடித்த வரலாற்றில் கடல் கடந்து உழைத்த தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு, பெரும்பாலும் அவர்கள் அறியாமலே. 1890களில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், ஜாவாவின் படேவியா நகரில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் இழுத்துக்கொள்வதையும், தவிடு கொடுத்தால் அவை எழுந்து நடப்பதையும் கவனித்தார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கோழியில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா என்ற கேள்விக்குப் பதில் மலாயாவில் கிடைத்தது. அங்கே ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் இறந்துகொண்டிருந்தார்கள். அதே தட்பவெப்பத்தில், அதே போன்ற வரிசை வீடுகளில் வாழ்ந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டி வாதிட்டார். 1905இல் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்குச் சயாம் அரிசியும் மறு பகுதிக்குப் புழுங்கலும் கொடுத்தார். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள், புழுங்கல் உண்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. மனிதர்களை இப்படிச் சோதிப்பதை இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது. ஆனாலும் அந்த 18 பேரின் சாவு சொன்ன செய்தியை நாம் மறக்கக் கூடாது. சில ஆண்டுகளில் பிரேசரும் ஸ்டான்டனும் சாலை போடும் தொழிலாளர்களிடம் அரிசியை மாற்றிக் கொடுத்து, அரிசி மாறினால் நோயும் இடம் மாறுவதைக் காட்டினார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி போவதில்லை என்பது பின்னால் விளங்கிய விவரம்.

இந்தியாவிலும் இதே கோடு தெரிந்தது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடத்தின் முதல் வேலைகளில் ஒன்று பெரிபெரி. சென்னை மாகாணத்தில் நோய் குவிந்திருந்த இடம் கோதாவரி, கிருஷ்ணா பகுதிகளை உள்ளடக்கிய வடசர்க்கார் மாவட்டங்கள். அங்கே இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசி. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் நோய் மிக அரிது. மெக்காரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்டு இந்த வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்து பதிவு செய்தார். அந்தக் காலத்து ரங்கூன் அரிசி ஆலைகளில் மூட்டை தூக்கியவர்களில் பெரும்பாலோர் இதே தெலுங்குக் கரையிலிருந்து கப்பலேறியவர்கள். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போய், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு, கழிமுகத்துச் சதுப்புக் காடுகள் வயலாயின. அதற்கு முதல் கொடுத்தவர்களில் செட்டிநாட்டு நகரத்தார் முன்னணியில் நின்றார்கள். நெல்லை வெள்ளையாகத் தீட்டும் தொழில் அந்த வணிகத்தோடு வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் சிறு ஆலைகள் கிராமம் கிராமமாக நுழைந்து, பெண்களின் தோள்வலியைப் போக்கி, உரலையும் உலக்கையையும் மூலைக்கு அனுப்பின. அந்த விடுதலையைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதோடு போன சத்தை வேறு வழியில் திருப்பித் தரும் பொறுப்பை அப்போதே யாராவது ஏற்றிருக்க வேண்டும்.

நூறாண்டுக்கு முன்னால் தெரிந்துவிட்ட விஷயம் இப்போதும் உயிர் கொல்கிறதா என்று கேட்பவர்களுக்குத் தாய்லாந்து எல்லையிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. 1980களில் மியான்மரிலிருந்து தப்பி ஓடிய கரேன் மக்கள் எல்லை முகாம்களில் தங்கினார்கள். உணவாகக் கிடைத்தது பெரும்பாலும் தீட்டிய அரிசியும் மீன் ஊறலும். அங்கே மலேரியாவை ஆராயச் சென்ற மருத்துவக் குழு ஒன்று, குழந்தைகள் பெரிபெரியால் இறப்பதைக் கண்டது. ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகளில் 40 சதவீதத்தின் சாவுக்கு அதுவே காரணம். நோயை இனங்கண்டு, குழந்தைகளுக்குத் தயமின் ஊசியும் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் மாத்திரையும் தரத் தொடங்கிய பின், ஆயிரம் பிறப்புக்கு 183 ஆக இருந்த சிசு மரணம் 78 ஆகக் குறைந்தது. முகாமில் மற்ற மருத்துவ வசதிகளும் இதே காலத்தில் மேம்பட்டன என்பதால் முழுப் பெருமையும் தயமினுக்கே சேராது. ஆனாலும் இறப்பின் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது பெரிபெரிச் சாவுகள் ஏறத்தாழ மறைந்திருந்தன. காஷ்மீரில் அண்மைக் காலத்தில் நடந்ததும் இதேதான். புரியாத இதயச் செயலிழப்போடும் வலிப்போடும் கொண்டுவரப்பட்ட பச்சிளங்குழந்தைகள் தயமின் ஊசியில் எழுந்தார்கள். அவர்களுடைய தாய்மார்களும் தீட்டிய அரிசியைப் பலமுறை களைந்து பொங்கி, பத்தியச் சாப்பாடு சாப்பிட்டவர்கள்.

மியான்மர் அரசும் கைகட்டி நிற்கவில்லை. கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவமான மூன்று மாதம் வரை பெண்களுக்குத் தயமின் மாத்திரை வழங்கும் திட்டத்தை அது வகுத்தது. குழந்தைக்குப் பதிலாகத் தாயைக் குறிவைத்த நல்ல திட்டம் அது. அதன் பலவீனம், மாத்திரை போக வேண்டிய வழி ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியாகவே போகிறது என்பதுதான். 2015-16 தேசிய சுகாதார ஆய்வின்படி மியான்மரில் மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ நடந்த பிரசவங்கள் 37 சதவீதம்தான். கிராமங்களில் அதைவிடக் குறைவு. மற்ற பிரசவங்கள் வீட்டில், பல இடங்களில் ஊர் மருத்துவச்சியின் கையில். யாங்கூன் நகரத்தில் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன என்பதால் அந்த வட்டாரம் முழுவதும் பாதுகாப்பானது என்று நினைத்துவிடக் கூடாது. ஆற்றுக்கு அக்கரையில் டலா, அதற்குத் தெற்கே ட்வான்டே, கௌமூ, குன்ஜாங்கோன் என்று நீளும் தாழ்வான நெற்பகுதிகளில் சாலையும் படகும் மழையின் தயவில் ஓடுபவை. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் கழிமுகத்தைச் சூறையாடிய பின் கிராமத்தை விட்டு வந்த குடும்பங்கள் லைங்தாயாவிலும் ஷ்வேபிதாவிலும் மூங்கில் குடிசை போட்டுத் தங்கின. பெண்கள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போனார்கள். முகவரியால் இவர்கள் நகரவாசிகள், சாப்பாட்டால் கழிமுகக் கிராமத்தார். சில்லறைக் கடையில் மலிவான அரிசி, ஊறல், கொஞ்சம் கீரை. ஓரிடத்தில் நிலையாக இல்லாத இந்தப் பெண்களின் பெயர் எந்த மருத்துவச்சியின் பதிவேட்டிலும் தங்குவதில்லை. மாத்திரை போகாத இந்த வீடுகளுக்கும் தினமும் இருவேளை தவறாமல் போய்ச் சேரும் பொருள் ஒன்றுதான். அது அரிசி.

ஆகவே செறிவூட்டிய அரிசி. இதன் செய்முறை எளிது. அரிசி மாவில் தயமின், போலிக் அமிலம், பி12, துத்தநாகம் போன்றவற்றைக் கலந்து, அச்சில் பிழிந்து அரிசி மணி போலவே உருட்டுகிறார்கள். இந்த மணிகளைச் சாதாரண அரிசியோடு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்தால் போதும். சத்து மணியின் மேலே பூசப்படாமல் உள்ளேயே இருப்பதால் களைவதிலும் கொதிப்பதிலும் இழப்பு குறைவு. 2010களில் பாத் என்ற பன்னாட்டுத் தொண்டு நிறுவனம் மியான்மரின் ஆலைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு இதை உள்ளூரிலேயே தயாரிக்கவும் விற்கவும் முயன்றது. உலக உணவுத் திட்டமும் தன் நிவாரண அரிசியில் இதைப் பயன்படுத்தியது. ஆனால் இதையே சட்டமாக்கி எல்லா ஆலைக்கும் கட்டாயமாக்கினால் காரியம் முடிந்துவிடும் என்று எண்ணுபவர்கள் பிலிப்பைன்ஸின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும். 1940களின் கடைசியில் பத்தான் மாநிலத்தில் செறிவூட்டிய அரிசியை விற்றபோது பெரிபெரிச் சாவு செங்குத்தாக இறங்கியது. அந்த வெற்றியை நம்பி 1952இல் நாடு முழுவதற்கும் சட்டம் போட்டார்கள். சட்டம் ஏட்டில் இருந்தது, ஆலைகள் ஒத்துழைக்கவில்லை. ஆலை எத்தனை மூட்டை சத்துமணி வாங்கியது என்பதை வைத்து அது எத்தனை மூட்டை அரிசி தீட்டியது என்று வரி அதிகாரி கணக்குப் போட்டுவிடுவார் என்ற அச்சம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். விஞ்ஞானம் வென்ற இடத்தில் நிர்வாகம் தோற்றது.

மியான்மரில் சிறு ஆலைகள் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. நெல்லைக் கொடுத்து அரிசியாக வாங்கிப்போகும் குடியானவரை எந்தச் சட்டமும் எட்டாது. அதனால் அரிசி மொத்தமாக ஒரு கையிலிருந்து பலரின் தட்டுக்குப் போகும் இடங்களில் தொடங்குவதே புத்திசாலித்தனம். ஆடைத் தொழிற்சாலைகளின் மதிய உணவு, தொழிலாளர் விடுதிகள், புத்த மடங்களின் பள்ளிகள், இடம்பெயர்ந்தோர் முகாம், நிவாரண மூட்டை ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். லைங்தாயாவில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பெண் அடுத்த ஆண்டு தாயாகப் போகிறவள். அவளுக்கு இன்று கிடைக்கும் ஒருவேளைச் சோறு வழியாகவே அவள் குழந்தையைக் காப்பாற்றும் வேலையைத் தொடங்கலாம். கிலோவுக்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம் என்பதால் அதை முதலாளியும் உதவி நிறுவனமும் பகிர்ந்துகொள்வது பெரிய காரியம் இல்லை. அரிசியோடு நின்றுவிட வேண்டியதும் இல்லை. கம்போடியாவில் மீன் சாற்றில் தயமின் சேர்த்துக் கொடுத்த சோதனையில் தாய்மார்கள், குழந்தைகள் இருவரின் இரத்தத்திலும் தயமின் அளவு உயர்ந்தது. ஊறலும் மீன் சாறும் இல்லாமல் ஒரு வேளையும் கழியாத மியான்மரில் அது கவனிக்கத்தக்க வழி.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் மிக நியாயமானது, பருப்பும் காயும் முட்டையும் சாப்பிட்டால் இந்த வேதிப்பொருள் விளையாட்டே தேவையில்லையே என்பது. உணவு பலவகையாக இருப்பதற்கு ஈடான மாற்று எதுவும் கிடையாது என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. மியான்மரில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் குறைந்தபட்சம் போதுமான உணவு பெற்றவர்கள் 16 சதவீதம்தான் என்று அதே 2015-16 ஆய்வு சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 29 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். யாங்கூன் வட்டாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, சின் மலைப்பகுதியில் ஐந்தில் இரண்டு பங்கு. தயமின் நிறைந்த உளுந்தும் துவரையும் மியான்மரிலேயே ஏராளமாக விளைகின்றன. அதில் பெரும்பகுதி கப்பலேறி இந்தியாவுக்கு வருகிறது. தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் பர்மா உளுந்து என்று கேட்டு வாங்கி இட்லிக்கு அரைப்பது அதைத்தான். விளைவித்த குடும்பத்துக்கு அது விற்றுக் காசாக்க வேண்டிய சரக்கு. 2017 ஆகஸ்டில் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு வரம்பு போட்டபோது அங்கே விலை சரிந்து விவசாயிகள் தவித்தார்கள். அப்போதும் மிஞ்சிய பருப்பு ஏழைத் தாயின் குழம்புக்கு வந்துவிடவில்லை, ஏனென்றால் அவள் தட்டில் என்ன விழ வேண்டும் என்பதை வருமானமும் பத்தியமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

இந்த இரண்டில் எது பெரிது என்பதற்கும் மியான்மரிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. நடு மியான்மரின் வறண்ட பகுதிக் கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மார்களுக்கும் மாதாமாதம் பணம் கொடுத்தார்கள். முதலில் 10,000 சாட், பிறகு 15,000 சாட். சில கிராமங்களில் பணம் மட்டும். சிலவற்றில் பணத்தோடு உணவு, பாலூட்டல், சுத்தம் பற்றிய கூட்டங்களும் வீட்டு வருகைகளும். பணமும் பேச்சும் சேர்ந்து போன கிராமங்களில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ 4 சதவீதப் புள்ளி குறைந்தது. பணம் மட்டும் போன இடத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அறிவுரை மட்டும் போதும் என்பவர்களும், காசைக் கொடுத்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பவர்களும் இந்த முடிவைப் படிக்க வேண்டும். அந்த வீட்டு வருகைகளில் மாமியாரையும் பாட்டியையும் உட்கார வைத்துப் பேசுவது முக்கியம், பத்தியத்தைத் தளர்த்தும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் இப்படிக் கிராமம் கிராமமாகச் செல்லும் ஊழியர்களும் மாதப் பணமும் இன்றைய மியான்மரில் எத்தனை இடத்துக்குப் போய்ச் சேர முடியும்? 2021 பிப்ரவரி ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் நாட்டின் வறுமை இரட்டிப்பாகிவிட்டது. 2017இல் நான்கில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார். 2023 கடைசியில் கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர், 49.7 சதவீதம் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் கணக்கிட்டது. மருத்துவர்களும் செவிலியர்களும் பணியை விட்டு விலகினார்கள், பலர் சிறைப்பட்டார்கள். வருமானம் சுருங்கும்போது குடும்பம் முதலில் விடுவது மீன், முட்டை, பருப்பு. கடைசிவரை விடாதது சோறு. அரிசியின் வழியே சத்தைக் கொண்டுபோக வேண்டும் என்ற வாதம் பஞ்ச காலத்தில் இன்னும் வலுப்பெறுகிறது.

தீட்டாத அரிசிக்கோ புழுங்கலுக்கோ திரும்பிவிடலாமே என்பது அடுத்த யோசனை. தமிழர் கண்ணுக்கு அதுதான் இயல்பான தீர்வாகத் தோன்றும். ஆனால் நூற்றாண்டுகளாகப் பச்சரிசிச் சோற்றின் மணத்துக்கும் குழைவுக்கும் பழகிய நாக்குக்குப் புழுங்கலின் வாடை பிடிப்பதில்லை. தவிடு நீங்காத அரிசியோ வெயிலிலும் ஈரத்திலும் சீக்கிரம் காறிப்போகும், வேகக் கூடுதல் விறகு கேட்கும். ஒரு கட்டு விறகுக்கும் கணக்குப் பார்க்கும் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. வெள்ளைச் சோறு பெருமைக்குரியது என்ற எண்ணம் வேறு. இத்தனையும் இருந்தும் சில எளிய மாற்றங்கள் இன்றே சாத்தியம். ஆலையில் ஒரு சுற்றுக் குறைவாகத் தீட்டுவது, அரிசியை ஒருமுறை மட்டும் களைவது, வடிக்காமல் நீரளவாக வைத்துப் பொங்குவது, வடித்தே ஆக வேண்டுமென்றால் அந்தக் கஞ்சியைப் பிள்ளை பெற்றவள் குடிப்பது. இவற்றுக்குக் காசு ஆகாது. இவற்றை மட்டுமே நம்பியிருப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் தீட்டிய பச்சரிசியின் கஞ்சியில் கரைந்து வர மிஞ்சியிருக்கும் தயமினே கொஞ்சம்.

இரும்புச்சத்துப் பற்றிய எதிர்ப்பு வேறு வகை, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மியான்மரில் 6 மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 58 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று 2015-16இல் கண்டார்கள். அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் இரும்புச்சத்து என்று பாயத் தோன்றும். ஆனால் அந்த நாட்டில் தலசீமியாவும், ஹீமோகுளோபின் ஈ என்னும் பரம்பரைக் குறைபாடும் பரவலாக உள்ளன. இவை உள்ளவர்களின் இரத்தசோகை பல நேரம் இரும்புக் குறைவால் வந்ததல்ல. கடுமையான தலசீமியா உள்ளவர்களுக்குக் கூடுதல் இரும்பு உடம்பில் தேங்கிக் கெடுக்கும். மலேரியா மிகுந்த இடங்களில் இன்னொரு கவலை. தான்சானியாவின் பெம்பா தீவில் சிறு குழந்தைகளுக்கு வழக்கமாக இரும்பும் போலிக் அமிலமும் கொடுத்த பெரிய சோதனையில் மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடின என்று 2006இல் அறிவித்தார்கள். செறிவூட்டிய அரிசியில் சேரும் இரும்பின் அளவு மருந்தின் அளவை விடக் குறைவு என்பது உண்மைதான், ஆனாலும் எச்சரிக்கைக்கு நியாயம் இருக்கிறது. ஆகவே இரும்பையும் தயமினையும் ஒரே மூட்டையில் கட்டி வாதாடுவதை விட்டுவிட வேண்டும். தயமின் தண்ணீரில் கரைவது, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். உணவிலோ மாத்திரையிலோ அதிகமாகி நஞ்சாகும் அளவு என்று எதுவும் வகுக்கப்படவில்லை. இரும்பைப் பற்றிய சர்ச்சை தீரட்டும் என்று தயமினைக் காத்திருக்க வைப்பது, பாதிப்பில்லாத மருந்தை ஆபத்தான மருந்தின் வரிசையில் நிறுத்திக் குழந்தைகளைச் சாகவிடுவதாகும். தயமினும் போலிக் அமிலமும் உடனே எல்லோருக்கும் போகலாம். இரும்பு, இரத்தப் பரிசோதனையும் மலேரியாத் தடுப்பும் இருக்கும் இடங்களில், தேவை கண்டு போகட்டும்.

அரிசி மாறிச் சோறாகித் தாயின் பாலுக்கு வந்து சேர மாதங்கள் ஆகும். அதற்குள் நோய் கண்டு வரும் குழந்தைகளுக்கு என்ன செய்வது என்பதில் குழப்பமே வேண்டாம். இந்த நோயை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை யாங்கூனைத் தாண்டி எந்த ஊர் மருத்துவமனையிலும் கிடைக்குமென்று எதிர்பார்க்க முடியாது. முடிவு வரும்வரை குழந்தையும் தாங்காது. ஊசியே பரிசோதனை. ஓராண்டுக்குட்பட்ட, தாய்ப்பால் குடிக்கும் குழந்தை காரணம் தெரியாத மூச்சிரைப்போடோ வீங்கிய கல்லீரலோடோ குரல் கம்மியோ வந்தால், நிமோனியாவுக்கும் இதயக் கோளாறுக்கும் சிகிச்சை தொடங்கும்போதே தயமின் ஊசியும் போட்டுவிட வேண்டும். பெரிபெரியாக இருந்தால் சில மணி நேரத்தில் மூச்சு சீராகும், மறுநாள் பால் குடிக்கும். இல்லையென்றால் நஷ்டம் ஒரு மலிவான ஊசி மருந்து. எல்லைப் பகுதி முகாம்களில் கற்ற இந்தப் பாடம் கௌமூவிலும் குன்ஜாங்கோனிலும் உள்ள சுகாதார நிலையங்களுக்குப் போக வேண்டும். பிரசவம் பார்க்கும் ஊர் மருத்துவச்சியின் பையில் தயமின் மாத்திரை இருக்க வேண்டும், குரலில்லாமல் அழும் குழந்தையைக் கண்டால் எங்கே அனுப்புவது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிழைத்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது தாய்க்கும் மாத்திரை கொடுத்து அனுப்ப வேண்டும். பால் அதே பால்தான் என்றால் குழந்தை சில வாரங்களில் அதே கட்டிலுக்குத் திரும்பி வரும்.